பிள்ளையாரை எடுக்கச் சொல்கிறார், கையெழுத்து வைக்கலாமா?

கடிதத்தின் சாரம்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கத்தில் கைப்பட எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் ஊர்ப் பெண்கள் 17 பேரும் சங்கமாகச் சேர்ந்து ஒடியல் மா (அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கின் மா), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்தது), பனங்கட்டி, முருங்கையிலைத் தூள் செய்து விற்கிறார்கள். நாலு வருடமாக ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட அக்காவின் கணவருக்குப் பொதி அனுப்பி வந்தார்கள். ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லை. அத்தான் வட்ஸ்அப்பில் கேட்பார், இவர்கள் அனுப்புவார்கள், காசு உண்டியலில், அதாவது வங்கி வழியாக அல்லாமல் ஆள்வழியாக, வந்து சேரும். கடைசிப் பொதியில் பிணக்கு வந்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் பனங்கிழங்கு மா என்று கேட்க, இவர்கள் ஒடியல் மாவை அனுப்பியிருக்கிறார்கள். அவர் எதிர்பார்த்தது புழுக்கொடியல் மா. "கைக்குது எண்டு சனம் திருப்பிக் கொண்டுவருது" என்று சொல்லி 2,40,000 ரூபாவை எட்டு மாதமாகத் தராமல் இருக்கிறார்.

இதற்கிடையில் டுபாய் வியாபாரி ஒருவர் முருங்கைத் தூளும் பனங்கட்டியும் கேட்டு ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஹலால் சான்றிதழ் வேண்டும், பொதியிலுள்ள பிள்ளையார் படத்தை எடுக்க வேண்டும் என்கிறார். காசு பிந்தினால் வட்டி என்று இவர்கள் கேட்ட வரியை வெட்டிவிட்டார். அவருடைய ஆள் ஒருவர் இன்வொய்ஸில் பாதி விலையைப் போடச் சொல்கிறார், "அங்க எல்லாரும் அப்பிடித்தான்" என்று. சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "எங்கட சாமியை எடுத்துப்போட்டு, வட்டியும் தரமாட்டன் எண்டுற ஆளை நம்பிறதோ?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாலைந்து விடயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. டுபாய்க்காரர் கேட்டவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, "இந்த ஆள் சரியில்லை" என்ற முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள். நான் அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். ஹலாலும் படமும் வட்டியும் அவருடைய பழக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நாம் வளைந்து கொடுக்கலாம், பதிலுக்கு எங்களுக்கு வேண்டியதைக் கேட்கலாம். பாதி விலை இன்வொய்ஸ் களவு. "அது அவையின்ர வழக்கம்" என்று பெயர் மாற்றிக் கொண்டு வந்திருக்கிறது. நீங்கள் முதல் மூன்றுக்கும் கோபப்பட்டு, நாலாவதை "அங்க அப்பிடித்தானாம்" என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

பிள்ளையாரும் பானையும்

ஹலால் என்றால் உங்களை வேறு சமயத்துக்குள் இழுப்பது என்று சங்கத்தில் சிலர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் பொருளுக்குக் கொடுக்கப்படுவது. நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று அது கேட்காது. 2013இல் தெற்கில் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த நெருக்கடியில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை சான்றிதழ் வழங்கும் வேலையிலிருந்து விலகியது. இப்போது கொழும்பில் அதற்கெனத் தனி நிறுவனம் இருக்கிறது. அன்று கிளப்பிவிட்ட பயத்தின் மிச்சம்தான் இன்று உங்கள் கூட்டத்திலும் கேட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முருங்கையிலைத் தூளில் பெரிய சிக்கல் இராது. இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அரைப்பதுதான் வேலை. அரைக்கும் மில்லில் வேறு என்ன அரைபடுகிறது என்று கேட்பார்கள். சிக்கல் வரக்கூடியது பனங்கட்டியில். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர், தடவாமல் விட்டால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சீவல். கள்ளு இறக்கிய முட்டியிலேயே அடுத்த நாள் கருப்பநீரும் இறக்கினால் பரிசோதிக்க வருபவர் கேள்வி கேட்பார். ஆகவே நீங்கள் கதைக்க வேண்டியது உங்களுக்குக் கருப்பநீர் தரும் கூட்டுறவுச் சங்கத்தோடும் சீவல் தொழிலாளியோடும். முட்டிகளை வேறாக வைக்க முடியுமா, காய்ச்சும் இடத்துக்குக் கள்ளு வராமல் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் இந்த வருடம் முருங்கைத் தூளை மட்டும் அனுப்புங்கள். பொய் சொல்லி வாங்கும் சான்றிதழ் ஒரு பொதி திரும்பி வந்தாலே உங்களைக் கவிழ்த்துவிடும்.

சந்தேகம் இருந்தால் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிடம் போய்க் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அவர்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஹலால் என்றால் என்ன என்று டுபாயிடம் கேட்குமுன் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

இனிப் பிள்ளையார். உங்கள் 18 பேரில் ஐந்து பேர் மடுமாதாவைக் கும்பிடும் கத்தோலிக்கர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொதியில் பிள்ளையாரைப் போட்ட நாளில் அந்த ஐந்து பேரிடம் கேட்டீர்களா? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவர்கள் அன்று பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம், இன்று டுபாய்க்காரர் வாய் திறந்து கேட்டதும் அவமதிப்பு என்கிறோம். சாமி அறையில் இருக்கும் பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும். ரொறன்ரோப் பொதியிலும் இருக்கட்டும், அந்த ஐந்து பேரும் சம்மதித்தால். டுபாய்ப் பொதிக்கு எப்படியும் புது லேபல் அடிக்கத்தான் வேண்டும், அங்கே உணவுப் பொருளின் லேபலில் அரபு கட்டாயம். பனை ஓலைக் குட்டானின் படத்தைப் போடுங்கள். கனடாவிலும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் லேபலில் இருக்க வேண்டும். அத்தான் இதை உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

வட்டி வேண்டாம் என்பவர்

வட்டி வரியை வெட்டியதால் அவர் ஏமாற்றத் திட்டமிடுகிறார் என்பது உங்கள் ஊகம். அப்படி இருக்க வேண்டியதில்லை. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் இஸ்லாத்தில் விலக்கப்பட்டவை. எல்லா முஸ்லிம் வியாபாரிகளும் அதை ஒரே அளவில் பின்பற்றுவதில்லை, பின்பற்றுபவர் அந்த வரியில் கையெழுத்து வைக்க மாட்டார். சவூதி நீதிமன்றங்களில் வட்டி கேட்டுப் போனால் பொதுவாகக் கிடைக்காது. எங்கள் நாட்டிலேயே 2011 முதல் அமானா வங்கி வட்டியில்லா முறையில் இயங்கி வருகிறது.

வட்டி உங்களுக்கு எதற்கு? காசு பிந்தக்கூடாது என்பதற்கு. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பாதிக் காசு முற்பணமாக வங்கிக்கு வந்த பிறகு அரைக்கத் தொடங்குவது, மிச்சம் வந்த பிறகு கப்பல் ஆவணங்களைக் கொடுப்பது. தொகை பெரிதானால், வாங்குபவரின் வங்கி காசுக்குப் பொறுப்பேற்கும் நாணயக் கடிதம் கேட்கலாம், உங்கள் அளவுக்கு அதன் செலவு கூட. இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திலும் விசாரித்துப் பாருங்கள். வட்டிக்காசு கேட்டு லீசிங் கொம்பனிகள் வீட்டு வாசலில் நிற்கும் வன்னியில், வட்டியே வேண்டாம் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு நாம் பயப்படுகிறோம். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

இன்னொரு சின்ன விடயம். எப்போது ஓடர் வரும் என்று கேட்டதற்கு அவர் "இன்ஷா அல்லாஹ்" என்று சொன்னாராம், அது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் குழம்பியிருக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் என்ன பொருள்? கலியாண வீட்டுக்கு வருவீங்களோ என்று கேட்டால் "பாப்பம்" என்பவர் வரமாட்டார். பிள்ளைக்கு உதவி கேட்கும்போது பெரியவர் ஒருவர் "பாப்பம்" என்றால் செய்வார். சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, திகதி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் அனுப்பிய செய்திக்கு இரண்டு நாளாகப் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 2022 தை முதல் ஐக்கிய அரபு எமிரேட்சில் அரச அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள், சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை வரை பொறுத்துப் பாருங்கள்.

அவர்களுடைய நோன்பு நாளைக் கேட்டு எழுதிக்கொள்கிற நாம், எங்கள் நாட்களைச் சொல்ல வெட்கப்படுகிறோம். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் கிழமையில் உங்கள் சங்கத்தில் யார் வேலைக்கு வருவார்கள்? முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18இல் யார் மில்லைப் போடுவார்கள்? ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பனங்கிழங்கு தை, மாசியில்தான் பாத்தியிலிருந்து கிளம்பும், ஐப்பசியில் கேட்டால் கொடுக்க முடியாது. இந்த நாட்களையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிந்திய ஒவ்வொரு நாளும் உங்கள் பிழையாகிவிடும்.

தெரியாத மொழியில் கையெழுத்து

"எனக்கு ஆங்கிலம் தெரியாது எண்டு அவருக்குத் தெரியும்தானே, பிறகு அது என்னைக் கட்டாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான நம்பிக்கை, பலருக்கும் இருக்கிறது. கையெழுத்து வைத்தால் வாசித்ததாகவே சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். உங்களிடம் பொய் சொல்லி, தாளை மாற்றிக் காட்டி வாங்கியிருந்தால் விடயம் வேறு. விளங்காதது மட்டும் காரணமாகாது. விளங்காத மொழித் தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு அலைந்த வீடு வன்னியில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த முறை வேறு விதமாகச் செய்யுங்கள்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எடுங்கள். சங்கத்தைக் கூட்டி, சத்தமாக வாசியுங்கள். ஒப்பந்தம் இரு மொழியிலும் இருக்கலாம், முரண் வந்தால் எது மேல் என்று அதிலேயே எழுத வேண்டும். அவர் ஆங்கிலம் என்பார், ஒப்புக்கொள்ளலாம், நீங்கள் தமிழில் விளங்கியிருந்தால்.

ஒப்பந்தத்தில் பிணக்கு வந்தால் டுபாய் நீதிமன்றம் என்று இருக்கிறது. அங்கே வழக்கமான நீதிமன்றங்களின் மொழி அரபு. உங்கள் தமிழ் வட்ஸ்அப் செய்திகளை அரபுக்கு மாற்றி, அங்கே ஒரு சட்டத்தரணியை வைத்து... உங்கள் பொதியின் பெறுமதியே அதற்குப் போதாது. டுபாய் சர்வதேச நிதி மையத்தின் நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, அவையும் உங்களுக்குத் தூரம்தான். கொழும்பில் நடுத்தீர்ப்பு என்று கேளுங்கள், அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்புச் சொல்வது. 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயத்தில் இலங்கையும் ஐக்கிய அரபு எமிரேட்சும் சேர்ந்திருப்பதால் கொழும்பில் கிடைக்கும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கேட்கலாம். எங்கள் நடுத்தீர்ப்புச் சட்டம் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம். இதுவும் மலிவானது அல்ல. உங்கள் அளவு வியாபாரத்துக்கு முற்பணம்தான் பெரிய பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பாதி விலை இன்வொய்ஸ்

இதற்கு ஒரே பதில், போடாதீர்கள். வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் ஆறும் 2003 முதல் பொதுவான சுங்கத் தீர்வையாக 5 வீதத்தை வைத்திருக்கின்றன, சில உணவுப் பொருட்களுக்கு அதுவும் இல்லை. எட்டு இலட்சம் ரூபாப் பொதியை நாலு இலட்சம் என்று எழுதினால் அவருக்குத் தீர்வையில் மிஞ்சுவது அதிகம் போனால் 20,000 ரூபா. உங்களுக்கு என்ன மிஞ்சும்? அவர் காசு தராமல் விட்டால் உங்கள் கையிலுள்ள தாள் நாலு இலட்சம் என்றுதான் சொல்லும். பொதி கடலில் போனால் காப்புறுதியும் அந்தக் கணக்குக்குத்தான். மிச்ச நாலு இலட்சம் உண்டியலில் வரும் என்கிறார்கள். ஏற்றுமதிக் காசு வங்கி வழியாகக் குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது இங்கே சட்டம். பொருள் போனதற்குச் சுங்கத்தில் பதிவு இருக்கும், காசு வந்ததற்குப் பதிவு இருக்காது. கேள்வி கேட்கும் நாளில் டுபாய்க்காரரின் ஆள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

உண்டியல் நம்பிக்கையில் ஓடுவது, போர்க்காலத்தில் வங்கி இல்லாத வன்னிக்கு அதுதான் சோறு போட்டது என்பதை நான் மறக்கவில்லை. வீட்டுச் செலவுக்கு அண்ணன் அனுப்பிய காசுக்கும் ஏற்றுமதிக் காசுக்கும் இடையில் சட்டம் வேறுபாடு பார்க்கும் என்று மட்டும் சொல்கிறேன். இந்த முறை அந்த ஆளைத் தாண்டி வியாபாரியிடமே நேரே கேளுங்கள், "முழு விலைதான் போடுவோம், சம்மதமா?" என்று. இது அந்த ஆளின் சொந்த ஏற்பாடாக இருந்து, வியாபாரிக்கே தெரியாதிருக்கவும் கூடும். தன் நம்பிக்கைக்காக வட்டியை விடுகிறவர் சுங்கத்தில் பொய் எழுதச் சொல்வாரா என்று நானும் யோசித்தேன்.

"சாமான் கெதியாய்ப் போக மேசைக்கு ஏதாவது குடுங்கோ" என்றும் அந்த ஆள் சொன்னாராம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அது இலஞ்சம். வெளிநாடுகளில் இது சகஜம் என்பதும் பழைய கதை. வெளிநாட்டு அலுவலருக்கு வேலையை விரைவாக்கக் கொடுக்கும் சிறு தொகைக்கு இருந்த விதிவிலக்கைக் கனடா 2017 ஒக்டோபர் 31இல் எடுத்துவிட்டது. தைப்பொங்கலுக்கு வியாபாரிக்கு ஒரு குட்டான் பனங்கட்டி அனுப்புங்கள், அது அன்பு. எல்லாருக்கும் தெரியக் கொடுக்கலாம். மேசைக்குக் கீழே கொடுப்பதை யாருக்கும் சொல்ல முடியாது.

அத்தான் கேட்ட படம்

கடிதத்தின் ஓரத்தில், பின்குறிப்பாக, இதை எழுதியிருந்தீர்கள். பொதியில் போட, சங்கத்துப் பெண்களைப் பிள்ளைகளோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அத்தான் கேட்கிறார், "போரில் கணவரை இழந்த பெண்கள் எண்டு போட்டா நல்லா ஓடும்" என்று.

எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் வலித்த இடம் இது. உங்கள் சங்கத்தில் மூன்று பேருடைய கணவர்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். 2017 மாசி முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மாரும் மனைவிமாரும் இருந்து கேட்ட கேள்வி "எங்கே?" என்பது. அப்படிக் காத்திருக்கும் ஒருவரை விதவை என்று மாப் பொதியில் அச்சடித்து ரொறன்ரோக் கடைத் தட்டில் வைப்பதா? படத்திலுள்ள பிள்ளை நாளை பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். பிள்ளையார் படத்துக்கு இரண்டு கூட்டம் கூடினீர்கள், இதற்கு ஒன்றுகூடக் கூடவில்லை. யாராவது தானாக விரும்பினால் அவருக்கெனத் தனியாகத் தமிழில் எழுதி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்ற வரியோடு கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம். "பனைமாவின் ருசிக்கு வாங்கட்டும் அத்தான்" என்று சொல்லுங்கள்.

அத்தானின் கடன்

சட்டக் கல்லூரியில் படித்த வழக்கு ஒன்று உங்கள் ஒடியலைப் பற்றி வாசித்ததும் நினைவுக்கு வந்தது. 1960இல் நியூயோர்க்கில் தீர்ப்பானது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று அமெரிக்க நிறுவனத்திடம் கோழி வாங்கியது. கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஜேர்மன் மொழியில், கோழி என்ற சொல் மட்டும் ஆங்கிலத்தில். வாங்கியவர் நினைத்தது பொரிக்கத்தக்க இளம் கோழி. வந்தது அவித்துக் குழம்பு வைக்கிற முற்றின கோழி. நீதிபதி ஃப்ரெண்ட்லி தீர்ப்பைத் தொடங்கியதே "கோழி என்றால் என்ன?" என்ற கேள்வியோடுதான். இளம் கோழி என்ற குறுகிய பொருளில்தான் சொன்னோம் என்று வாங்கியவரால் நிறுவ முடியவில்லை, தோற்றுப்போனார்.

அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கும் பிட்டுக்கும் ஒன்று, சும்மா கடிக்கவும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடவும் மற்றது. எங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வேறுபாடு ஆங்கிலச் சொல்லில் காணாமல் போய்விட்டது. தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஆங்கிலத்தில் ஓடர் எழுதி வந்த வினை இது. இனி எந்த மொழியில் எழுதினாலும் பொருளின் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதி, செய்முறையை ஒரு வரியில் சேருங்கள். அந்தப் பொதிக்கு முன்னும் அவர் இதே சொல்லைப் போட்டுக் கேட்டு நீங்கள் ஒடியல் மாவை அனுப்பி, அவர் பேசாமல் வாங்கியிருந்தால் அது உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம். பழைய செய்திகளைத் தேடுங்கள்.

தாள் இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி வட்ஸ்அப் செய்திகளையும் சான்றாக முன்வைக்கலாம். போனை மாற்றுமுன் எல்லாவற்றையும் திகதியோடு எடுத்து வையுங்கள். ஆனால் காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட ஆறு ஆண்டு என்று காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கு ஒரே ஒரு வருடம் என்றும் அதிலேயே இருக்கிறது. வட்ஸ்அப் செய்திகளை எழுத்து ஒப்பந்தம் என்று வாதிடலாம், அந்த வாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். எட்டு மாதம் போய்விட்டது, நாலு மாதம் இருக்கிறது என்றே கணக்கு வையுங்கள். கடன் உண்டு என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கால எல்லை புதிதாகத் தொடங்கும்.

இந்தத் தொகைக்கு ரொறன்ரோவில் வழக்குப் போடச் சொல்லமாட்டேன். சொந்தத்துக்குள் காசு கேட்பது எப்படி என்று தயங்குகிறீர்கள். அது உங்கள் காசு அல்ல, 18 வீட்டுக் காசு. அக்காவின் தகப்பனோ அவர் மதிக்கும் பெரியவரோ இருந்தால் வீடியோ அழைப்பில் அவரையும் இருத்திக் கதையுங்கள். அதற்கு முன் இப்படி ஒரு செய்தியை எழுத்தில் அனுப்புங்கள், குரல்பதிவு வேண்டாம்:

"அத்தான், சுகமா? பங்குனியில அனுப்பின பொதிக்கு 2,40,000 ரூபா மிச்சம் நிக்குது. நீங்கள் கேட்டது புழுக்கொடியல் மா எண்டு எங்களுக்கு விளங்கேல்லை, அது எங்கட பக்கத்திலயும் குறைதான். விக்காத பைக்கற் எத்தினை எண்டு சொல்லுங்கோ, அதுக்கு விலையைக் குறைப்பம். மிச்சத்தை எப்ப தருவீங்கள் எண்டு திகதி போட்டு எழுதுங்கோ. வங்கிக் கணக்கு இலக்கம் கீழ இருக்கு. அக்காவையும் பிள்ளையளையும் கேட்டதாச் சொல்லுங்கோ."

அவர் "பாப்பம்" என்று பதில் போட்டால் அது போதாது, திகதியைத் திரும்பக் கேளுங்கள். டுபாய் ஒப்பந்தத்துக்கு அவசரமில்லை, இதை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.